போட்டாச்சு

சட்டைக் கையில் இரட்டை மடிப்பு விழுந்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பெரிய ஹோட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில், சன்னலே இல்லாத சலவைக்கூடத்தில், இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்று நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர். அங்கே எல்லாரும் அவரை 'மடிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். முதலில் காலர், அப்புறம் தோள்பட்டை, பிறகு கைப்பட்டி, கை, கடைசியாகத்தான் உடம்பு. இந்த வரிசையை மாற்றி யாராவது தேய்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தச் சட்டையை எடுத்துத் தண்ணீர் தெளித்து மறுபடியும் முதலிலிருந்து தேய்ப்பார். திட்டு வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு அது உறைக்கும்.

அந்த அறையில் வியர்க்காதவர் என்று யாரும் கிடையாது. ஒரு பக்கம் உருளும் இயந்திரங்கள், இன்னொரு பக்கம் நீராவி விடும் இஸ்திரிப் பெட்டிகள். காலையில் போட்ட பனியன் ஒரு மணி நேரத்தில் பிழியும்படி ஆகிவிடும். அங்கே போய் ஒருவர் "எனக்கு வேர்க்குது" என்று சொன்னால் சிரிப்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உயிர் போகப் பார்த்தது இந்த வியர்வையால்தான்.

அவருக்குச் சர்க்கரை வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. வந்த அன்றைக்கே புருஷனும் பெண்டாட்டியும் அதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நோய் அவருக்கு, வைத்தியம் அவளுக்கு. டாக்டர் பேசும்போது இவர் அவருடைய சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அவசரத்தில் தேய்த்த சட்டை. கேட்டதெல்லாம் அவள்தான். தினமும் இரண்டு மாத்திரை. சின்னது, காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். பெரியது, சாப்பிட்ட பிறகு. அடுப்பிலிருந்து இறக்கித் தட்டை எடுக்கும்போதே அவள் சின்ன மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துவிடுவாள். அவர் அதை விழுங்கித் தண்ணீர் குடிப்பதற்குள் தட்டு முன்னால் வந்திருக்கும். சின்ன மாத்திரை போட்டால் சாப்பாடு வரும் என்பது அவருக்கு, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்பதைப் போல. ஏன் என்று கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

பிறகு மகளுக்குப் பிரசவம் வந்தது. மகள் இருப்பது ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். "மூணே மாசம். குழந்தைக்குத் தலை நின்னதும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். குழந்தைக்குத் தலை நின்றது. உட்கார்ந்தது, தவழ்ந்தது, நடந்தது. இப்போது போனில் "தாத்தா, நீ கெட்டவன்" என்று சொல்லும் அளவுக்கு வாயும் வந்துவிட்டது. அவள் மட்டும் வரவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு வேறு. யாரும் யாரையும் பிடித்து வைக்கவில்லை. நாள்தான் அப்படியே நகர்ந்து நகர்ந்து போய்விட்டது.

எப்போது வருகிறாய் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் குழந்தையை விட்டுவிட்டு வா என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். பேரக் குழந்தையோடு போட்டிக்கு நிற்கும் கிழவனாக ஆவதற்கு அவருக்கு மனசு ஒப்பவில்லை. அவள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம், "எனக்கென்ன கேடு, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். ராஜாவின் அரண்மனையைப் பார்த்தால் தெரியும். மாடியில் ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. ராஜ விருந்து என்பது பாலில் தோய்த்த ரொட்டி. சோறு வடித்தால் ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்ற கணக்கு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பேருக்கு வடித்துவிட்டு மறுநாளும் அதையே தின்பார்.

வாரா வாரம் விடுமுறை நாளில் படுக்கை விரிப்பை எடுத்துத் தேய்ப்பார். ஊரான் விரிப்பையெல்லாம் தேய்க்கிறவன் தன் விரிப்பைக் கசங்கவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. விரித்துப் பார்த்தால் ஒரு பாதிதான் கசங்கியிருக்கும். சுவரோரப் பாதி போன வாரம் தேய்த்த மாதிரியே நலுங்காமல் இருக்கும். அவள் படுக்கும் பாதி அது. தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் அதையும் சேர்த்துத்தான் தேய்ப்பார். அந்த வேலை மட்டும் அவருக்குப் பிடிக்காது.

தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் அவள் போன் செய்வாள். அங்கேயும் அதுதான் மும்முரமான நேரம். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கரண்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அதனால் முதல் கேள்வியே முக்கியமான கேள்வியாக இருக்கும். "மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு" என்பார் இவர்.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். 'மாத்' என்று அவள் ஆரம்பிக்கும்போதே இவர் வாய் 'போட்' என்று திறந்திருக்கும். போட்டிருந்தாலும் போட்டாச்சுதான், போடாவிட்டாலும் போட்டாச்சுதான். அதைப் பொய் என்று அவர் நினைக்கவில்லை. போன் பேசி முடித்த கையோடு போட்டுக்கொண்டால் அது உண்மையாகிவிடுகிறது அல்லவா? இதில் ஓட்டை எங்கே என்றால், அந்த வார்த்தை அவருக்கே பயனில்லாமல் போய்விட்டது. போடுவதற்கு முன்னாலும் அதே வார்த்தை, போட்ட பின்னாலும் அதே வார்த்தை. யாராவது பக்கத்தில் இருந்தால் "நான் போட்டேனா?" என்று கேட்டுவிடலாம். அந்த வீட்டில் கேட்பதற்குச் சுவர்தான் இருந்தது.

இன்னொரு தப்பும் செய்துகொண்டிருந்தார். வருஷக்கணக்காக இரும்பிலும் நீராவியிலும் சுட்டுச் சுட்டு அவருடைய விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. துணி எவ்வளவு ஈரம் என்று தொட்டதும் சொல்லும் அந்தக் கைக்கு, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைக் கிழிக்க மட்டும் வராது. காலை அவசரத்தில் மாத்திரை எகிறி அடுப்புக்கு அடியில் ஓடும். அதனால் விடுமுறை நாளில் நிதானமாக உட்கார்ந்து எல்லா மாத்திரைகளையும் உரித்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுவைத்துக்கொள்வார். அட்டையாக இருந்தால் ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்துப் போட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்கலாம். குப்பியைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது?

அன்றைக்கும் போன் வந்தது. அன்றைக்கும் "போட்டாச்சு" என்றார். குழந்தைக்கு ராத்திரி முழுக்க இளைப்பு என்று அவள் சொன்னாள். குரல் களைத்திருந்தது. பார்த்துக்கோ, நான் நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். தம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது. மாத்திரைக்குக் குடித்த தண்ணீரா, தாகத்துக்குக் குடித்த தண்ணீரா? நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். குப்பியை மூடிய ஞாபகம் இருந்தது. அது நேற்றைக்கு மூடியதா இன்றைக்கா என்பதுதான் தெரியவில்லை. எல்லாக் காலைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே காலையாகிவிட்டிருந்தன.

சரி, போட்டாச்சு என்று அவளிடம் சொல்லியாகிவிட்டது, சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிடலாம் என்று இன்னொரு சின்ன மாத்திரையை எடுத்து விழுங்கினார். ஒன்று கூடிப்போனால் என்ன, நோய் சீக்கிரம் அடங்கும் என்று நினைத்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த மருத்துவம். ரொட்டிப் பொட்டலத்தைத் திறந்தால் பூஞ்சை பிடித்திருந்தது. பழைய சோறும் தீர்ந்துவிட்டிருந்தது. இடைவேளையில் ஹோட்டலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். வெறும் வயிற்றில், இரண்டு சின்ன மாத்திரையோடு.

ஹோட்டலில் ஏதோ மாநாடு. வந்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் பத்து மணிக்குள் சட்டை வேண்டுமாம். மேற்பார்வையாளர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கதவருகிலேயே நின்றார். இடைவேளைக்கு மணி அடித்தபோது மடிப்புக்கு முன்னால் இன்னும் ஒரு குவியல் இருந்தது. முடித்துவிட்டுப் போகிறேன் என்று நின்றுகொண்டார். முதலில் பசித்தது. பிறகு பசியும் போய்விட்டது. வியர்த்துக் கொட்டியது. இங்கே என்றைக்குத்தான் வியர்க்கவில்லை? கை நடுங்கியது. பெட்டி இன்றைக்குக் கனமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கண்ணுக்கு முன்னால் புகை மாதிரி தெரிந்தது. நீராவி என்று விட்டுவிட்டார். உடம்பு அவரிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் சலவைக்கூடத்தின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேஜையில் விரிப்புகளை மடித்து அடுக்குகிறவளை எல்லாரும் விரிப்புக்காரம்மா என்பார்கள். அவரைவிடப் பத்து வயது சின்னவள். மடிப்பு ஒரே சட்டையைத் திருப்பித் திருப்பித் தேய்ப்பதை அவள் பார்த்தாள். அதன் கையில் இரண்டு கோடு விழுந்திருந்தது. அதைவிட, அவர் அதைப் பார்த்துக்கொண்டும் சும்மா இருந்தார். அவள் அருகே போய், "அண்ணே, உங்களுக்கு என்ன பண்ணுது?" என்றாள். யாரையும் ஒரு சொல் சொல்லாத மனிதர், போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று எரிந்து விழுந்தார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் புருஷனும் சர்க்கரைக்காரன்தான். அவனுக்குச் சர்க்கரை இறங்கினால் முதலில் இறங்குவது மரியாதை. கையைப் பிடித்துப் பார்த்தாள். அந்தக் கொதிக்கும் அறையில் அவருடைய கை சில்லென்று இருந்தது.

டீ போடும் இடத்துக்கு ஓடிப்போய், ஒரு தம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி எடுத்துவந்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று குழறினார். நினைப்பு தப்பிக்கொண்டிருந்தபோதும் பத்தியம் மட்டும் தப்பவில்லை. அவள் விடவில்லை. விழுங்கத் தெரிகிறதா என்று பார்த்து, மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தாள். இஸ்திரிப் பெட்டி மேஜையிலேயே கிடந்து அந்தப் பெரிய மனிதரின் சட்டையில் பழுப்பாக ஒரு தடம் பதித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கண் தெளிந்ததும், அவர் கேட்ட முதல் வார்த்தை, "யார் சட்டை அது?" என்பதுதான்.

தெளிந்துவிட்டாரே, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் மேற்பார்வையாளர். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விரிப்புக்காரம்மா கேட்டதற்கு அவர் கருகிய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப்போனாள். அதுதான் நல்லதாகப் போயிற்று. சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போதே சர்க்கரை மறுபடியும் இறங்கியது. அந்தச் சின்ன மாத்திரையின் வேலை, உடம்பைப் பிழிந்து இன்சுலினை வெளியே எடுப்பது. சாப்பாடு வருகிறதா, ஆள் பட்டினியா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீரோடு அது விட்டுவிடாது, வேகம் அடங்க ஒரு பகலும் ராத்திரியும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லி, கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றி, அங்கேயே இருக்க வைத்தார். வீட்டுக்குப் போயிருந்தால், பூட்டிய கதவை மறுநாள் யாராவது உடைத்திருக்க வேண்டும்.

அந்த நினைப்பு அவரையும் விடவில்லை. கதவை யார் உடைத்திருப்பார்கள், எப்போது உடைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தார். காலையில் போன் எடுக்கவில்லை என்றால் அவள் தூங்குகிறார் என்று நினைப்பாள். அடுத்த தடவை, பஸ்ஸில் இருக்கிறார் என்று நினைப்பாள். சாவதைவிட, செத்தது தெரியாமல் கிடப்பதுதான் அவருக்கு அதிக பயமாக இருந்தது. உடனே இன்னொன்றும் தோன்றியது. இப்போது ஒரு போன் போட்டு நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சொன்னால், அவள் அடுத்த ரயிலிலேயே வந்துவிடுவாள். போனைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் தலையணைக்கு அடியில் தள்ளினார். பயமுறுத்திக் கூப்பிட்டால் அவள் நோயாளியைப் பார்க்கத்தான் வருவாள். அவருக்கு அவள் வர வேண்டும். தனக்காக வர வேண்டும். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்படி ஓர் ஆசை இருப்பதில் அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

விரிப்புக்காரம்மா கிளம்புவதற்கு முன்னால், வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றார், கேள்வி முடிவதற்குள்.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. பக்கத்துக் கட்டில்காரர் இருமிக்கொண்டிருந்தார். இவர் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, ஊசி குத்தாத கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "போட்டாச்சு" என்றார். வேலைக்குக் கிளம்பிட்டேன், அப்புறம் பேசறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். போர்வையை விலக்கினால் தலைமாட்டில் நர்ஸம்மா நின்றிருந்தார். இவர் வயதுதான் இருக்கும். போனில் யார் என்று கேட்டார். வீட்டில் என்றார் இவர். என்ன போட்டாச்சு என்று கேட்டார். இன்றைக்கு அவருக்கு அந்த மாத்திரையே கொடுக்கவில்லை.

நர்ஸம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். குப்பி, அட்டை, பாதித் தம்ளர் எல்லாவற்றையும் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கோபப்படவில்லை. அதுதான் இவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீங்க போட்டாச்சுன்னு சொல்றத உங்க சம்சாரம் நம்பறாங்க. அது போகட்டும்" என்றார் நர்ஸம்மா. "நீங்களும் நம்பறீங்களே, அதுதான் ஆபத்து."

பிறகு அவர் சொன்னதையெல்லாம் மடிப்பு இந்தத் தடவை கேட்டார். எதிரில் நிற்பவரின் சட்டையைப் பார்க்கவில்லை. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடக் கூடாது. ஒரு வேளை விட்டுப்போவது பெரிய ஆபத்து இல்லை, ரெட்டிப்பாகப் போடுவதுதான் ஆபத்து. விட்டுப்போனதற்காக அடுத்த வேளை சேர்த்துப் போடவும் கூடாது. தட்டில் சாப்பாடு இருந்தால்தான் சின்ன மாத்திரை. சாப்பாடு இல்லையென்றால் அதுவும் இல்லை. மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும், உரிக்க வரவில்லையென்றால் கத்தரிக்கோல் இருக்கிறது. சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். கை நடுங்கினால் அறையைத் திட்டாமல் அதை முதலில் வாயில் போட வேண்டும். அப்புறம் சாப்பிட வேண்டும். இப்படி ஆகிவிட்டதே என்று பயந்து மாத்திரையையே நிறுத்திவிடவும் கூடாது. அது வேறு பக்கத்துக் குழி. சின்ன மாத்திரையை டாக்டர் பாதி அளவாகக் குறைத்திருக்கிறார், நாளைக் காலையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "சாப்பிடறப்போ கூட யாரு இருப்பாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி சிகிச்சையில் சேர்த்தியா, சும்மா கேட்டதா என்று தெரியவில்லை. எல்லாரும் இருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வந்தது. யாரும் இல்லை என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்ததும் பூஞ்சை பிடித்த ரொட்டியின் வாடை அடித்தது. அதைத் தூக்கி எறிந்தார். புது அட்டையை அலமாரியில் வைத்தார், பழைய குப்பியை எடுத்துக் குப்பைக்குப் போக வேண்டிய பையில் கட்டினார். கடைக்குப் போய் முட்டையும் காய்கறியும் வாங்கிவந்தார். யாரோடாவது இரண்டு வார்த்தை பேசினால் தேவலை போலிருந்தது. கடைக்காரரிடம் முட்டை புதுசா என்று கேட்டார். புதுசுதான் என்றார் கடைக்காரர். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கும் இரண்டு பேருக்குத்தான் போட்டிருந்தார். பக்கத்தில் முட்டை வெந்துகொண்டிருந்தது. தட்டு, தம்ளர், மாத்திரை அட்டை, கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாகத் தரையில் இருந்தன. போன் அடித்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

வாய் பழக்கதோஷத்தில் திறந்துவிட்டது. 'போட்' வரைக்கும் வந்துவிட்டது. அங்கே நின்றார். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம், குழந்தை எதற்கோ சிணுங்கும் சத்தம். அவள் பதிலைக் கேட்டுவிட்ட தோரணையில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

"இன்னும் போடல" என்றார்.

அவள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். "என்னது?"

"இன்னும் போடலம்மா. சோறு வேகல. சாப்பாடு தட்டுக்கு வந்தாத்தான் போடணுமாம்."

யார் சொன்னது என்று கேட்டாள். சொன்னார். ஆரம்பித்தபோது சும்மா ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். முடியவில்லை. குப்பியில் ஆரம்பித்தது, சட்டை கருகியது, சர்க்கரைத் தண்ணீர், கட்டில், போர்வைக்குள் இருந்து பேசியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"போட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியல. அதான் இன்னொண்ணு போட்டுட்டேன். இங்க கேக்கறதுக்கு ஆள் இல்ல."

சொன்ன பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு நாளாக உள்ளேயே நின்றிருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. அவள் அழுகிறாளா, கோபமாக இருக்கிறாளா என்று தெரியவில்லை. குழந்தை இப்போது சத்தமாகவே அழ ஆரம்பித்திருந்தது. போ, குழந்தையைப் பார் என்று சொல்ல நினைத்தார்.

"நான் வரவா?" என்றாள் அவள்.

இதற்கும் ஒரு பதில் அவரிடம் எப்போதும் தயாராக இருந்தது. எனக்கென்ன கேடு, ராஜா மாதிரி இருக்கேன். அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சோறு பொங்கி அடுப்பில் வழிந்து சுர் என்றது. அடுப்பைத் தணித்தார்.

"வா" என்றார்.

அவள் பேசியபோது குரல் கரகரத்திருந்தது.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கு ரெண்டு வருஷமா? நான் இல்லாம நல்லாத்தான் இருக்கீங்கன்னு நெனச்சேன். நான் எதுக்கு அங்கன்னு நெனச்சேன்."

தான் நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்று சொல்லிச் சொல்லியே அவளை அங்கே கட்டிப்போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் அங்கே ஒரு வீடு நிறைய ஆட்களுக்கு நடுவில், இந்த வீட்டுக்குத் தான் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். இரண்டு பேரும் தினமும் பேசியிருக்கிறார்கள். தினமும் மாத்திரையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

உடனே வர முடியாது என்று அவளே சொன்னாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்க வேண்டும், மகளிடம் பேச வேண்டும், இந்த இளைப்பு கொஞ்சம் அடங்க வேண்டும். இந்த மாசம் ஆகலாம், அடுத்த மாசமும் ஆகலாம். சரி என்றார். அவள் மூன்று மாதம் என்று சொன்ன அன்றைக்கும் சரி என்றுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவள் கேட்காத ஒன்றை இன்றைக்குக் கேட்டாள். சோறு வெந்துவிட்டதா என்று கேட்டாள். வெந்துவிட்டது என்றார். தட்டில் போடச் சொன்னாள். போட்டார். முட்டையை உரிக்கச் சொன்னாள். உரித்தார். இப்போது மாத்திரை என்றாள். கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, காய்த்த விரலால் அந்தச் சின்ன மாத்திரையை எடுத்து விழுங்கித் தண்ணீர் குடித்தார். விழுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"இப்ப சாப்பிடுங்க. வெச்சிடாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

போனைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. அவள் குழந்தையைத் தூக்கியிருக்க வேண்டும், அழுகை அடங்கியது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் அவர் மெதுவாகத்தான் மென்றார். தட்டு காலியானால் இந்தச் சத்தம் நின்றுவிடும். போனுக்குள்ளிருந்து குழந்தையின் குரல் கேட்டது. யாரு, ஏன் பேசவே மாட்டேங்கறாங்க என்று பாட்டியிடம் கேட்டது.

"தாத்தா" என்றாள் அவள். "தாத்தா சாப்பிடறார்."